பச்சைத் தீப்பந்தும் 'உஸ்' சத்தமும்

கப்பலில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நள்ளிரவு வாட்ச்சில் கப்பலின் பிரிட்ஜுக்கு வெளியே நின்றிருந்தாராம். பச்சையாக ஒரு தீப்பந்து தலைக்கு மேலே பாய்ந்ததாம். கூடவே 'உஸ்' என்ற சத்தமும் கேட்டதாம். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று வருத்தம்.

பச்சைக்குச் சாட்சி உண்டு. 2020 நவம்பர் 18 இரவு தாஸ்மேனியாவுக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கப்பல் 'இன்வெஸ்டிகேட்டர்' முன்பாக அப்படியொரு விண்கல் வந்து சிதறியது. கப்பலின் கேமராவில் பதிவும் ஆனது. ஆனால் கறுப்பு வெள்ளையில்! பச்சை என்று சொன்னவை பிரிட்ஜில் இருந்தவர்களின் கண்கள்தான். கல்லிலுள்ள மக்னீசியமும் நிக்கலும் ஆவியாகி ஒளிர்ந்தால் அந்த நிறம் வரும்.

உரசல்தான் விண்கல்லை எரிக்கிறது என்று படித்திருப்போம். அதைவிடப் பெரிய காரணம் அழுத்தம். வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கல்லுக்கு முன்னால் காற்று விலக நேரமின்றி நெரிபட்டுக் கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அதே சங்கதி.

சரி, சத்தம்? 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஓசை இறங்கிவர மூன்று நிமிடமாவது ஆகும். வெளிச்சத்தோடு சேர்ந்து கேட்க வழியே இல்லை. 1719-இல் இங்கிலாந்தில் தோன்றிய தீப்பந்தைப் பற்றி எட்மண்ட் ஹாலி விசாரித்தபோதும் வெளிச்சத்தோடு சத்தமும் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். வெறும் கற்பனை என்று தள்ளிவிட்டார். வால்நட்சத்திரம் திரும்பிவரும் ஆண்டைக் கணித்த மனிதருக்கே இதற்குக் காதுகொடுக்க மனமில்லை! 2017-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் ஒரு விளக்கம் தந்தார்கள். தீப்பந்தின் ஒளி படபடவென்று துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தலைமுடி, துணி, காய்ந்த இலை போன்றவை துளி சூடாகி ஆறுகின்றன. அவற்றை ஒட்டிய காற்றும் விரிந்து சுருங்கி ஓசை எழுப்புகிறது. நம் வாசகர் கேட்டது அவர் தலைமுடியின் சத்தமாகவே இருக்கலாம்.

2018 டிசம்பர் 18 அன்று பெரிங் கடலுக்கு மேலே ஒரு விண்கல் 173 கிலோடன் ஆற்றலோடு வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல் பத்து மடங்குக்கு மேல். உலகம் அதைப் பேச மூன்று மாதமாயிற்று. கடலுக்கு மேலே நடப்பதற்குச் சாட்சி அவ்வளவு அரிது. துல்லியமான கடிகாரம், திசைகாட்டி, மறைப்பில்லாத அடிவானம் மூன்றும் கைவசமுள்ள மாலுமி, பார்த்ததைச் செல்போனில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு மறந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எரிநட்சத்திரத்தைக் கண்டால் பச்சை மரத்தைப் பார் என்பார்கள் நம் ஊரில். நடுக்கடலில் மரத்துக்கு எங்கே போவது? லாக் புத்தகத்தைப் பாருங்கள். நேரம், திசை, அடிவானத்திலிருந்து உயரம், எத்தனை வினாடி, என்ன நிறம் என்று குறித்து, சர்வதேச விண்கல் அமைப்பின் இணையதளத்துக்கு அனுப்புங்கள். யார் சிரித்தாலும் அந்த 'உஸ்'ஸையும் சேர்த்தே எழுதுங்கள்.