இருவர் கைபட்ட வீனஸ்

‘மண்ணைத் தொடாதவரைச் சிற்பி என்று சொல்லலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவள், பிரான்சின் தென்கரையில் காஞ்-சுர்-மேர் என்ற ஊரில், ஓவியர் ரெனுவாரின் அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கும் வெண்கலத் தேவதை: ‘வீனஸ் விக்ட்ரிக்ஸ்’, வெற்றி பெற்ற வீனஸ். ஏறக்குறைய ஆறடி உயரம். ஒரு கையில் அழகுக்குப் பரிசாக வென்ற ஆப்பிள், மறு கையில் நழுவித் தொங்கும் துணி. பருத்த இடுப்பைப் பார்த்ததுமே ரெனுவாரின் ஓவியத்துப் பெண் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் சிற்ப வேலை தொடங்கிய 1913இல் ரெனுவாரால் களிமண் பிசைய முடியாது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணி மடங்கிவிட்டன. உள்ளங்கையில் துணி சுற்றி, தூரிகையை வேறொருவர் விரலிடுக்கில் செருகினால்தான் ஓவியமே தீட்டுவார். அவருக்காக ஓவிய வணிகர் வொல்லார் ஏற்பாடு செய்த இளைஞர்தான் ரிஷார் கினோ. கத்தலோனியாவில் பிறந்து, சிற்பி மய்யோலிடம் வேலை பார்த்தவர். நாற்காலியில் அமர்ந்தபடி ரெனுவார் குச்சியால் காட்டுவார். மண்ணைக் கூட்டுவதும் வழிப்பதும் கினோவின் விரல்கள்.

கை நடுக்கம் வந்தபின் என் அத்தை திண்ணையில் உட்கார்ந்தே அக்காவை மார்கழிக் கோலம் போடவைப்பார். புள்ளிக் கணக்கு அத்தையுடையது. இழையின் ஓட்டம் அக்காவுடையது. அதை அத்தை கோலம் என்று மட்டும் சொன்னால் நியாயமில்லை.

நம் சுவாமிமலைச் சிலை வார்ப்பில் ஒரு மெழுகுருவுக்கு ஒரு சிலைதான். மண் அச்சை உடைத்தால் முடிந்தது. ஐரோப்பிய வார்ப்படங்களில் மண்ணுருவிலிருந்து சாந்துருவம் எடுத்து, அதிலிருந்து பல படிகள் வார்ப்பார்கள். இதே வீனஸ் லண்டன் டேட் அருங்காட்சியகத்திலும் இருக்கிறாள். படிகள் பெருகப் பெருக, ரெனுவார் பெயர்தான் பரவியது. 1918 வரை உழைத்த கினோ வெறும் ‘கையாள்’ ஆனார்.

படைத்தவர் யார் என்ற கேள்வி நீதிமன்றம் போயிற்று. ரெனுவார் அருகில் இல்லாதபோதும் கினோ சுதந்திரமாகச் செய்த சிற்பங்கள் உண்டென்று கண்டு, 1971இல் பாரிஸ் நீதிமன்றம் அவரை இணைப் படைப்பாளி என்றது. 1973 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கினோ இறந்துவிட்டார்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்தவர்களின் பெயர்களை நாம் பெரும்பாலும் தொலைத்துவிட்டோம். தெரிந்த பெயரையும் மறைப்பது அநியாயம். அடுத்தமுறை ஒரு வெண்கலச் சிலையின் கீழ் ஒரே பெயரைக் கண்டால், மண் பிசைந்தவர் யார், உலோகம் வார்த்தவர் யார் என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.