வாங்குவது ஒருவர், உரிப்பது இன்னொருவர்

சாலவாக்கம் வட்டாரத்தில் ஆரஞ்சு விளைவதில்லை. ஏரித் தண்ணீரையும் நெல்லையும் நம்பிய ஊர்கள் இவை. ஆனால் ஆரஞ்சு இல்லாமல் இங்கே நல்லது கெட்டது நகராது. நிச்சயதார்த்தத் தட்டில் ஆப்பிளுக்குப் பக்கத்தில் அதுதான் உட்காரும். வளைகாப்புக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனாலும் அதுதான். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் சொந்தக்காரர் படுத்திருந்தால், பஸ் ஏறுமுன் ஒரு கிலோ ஆரஞ்சு பைக்குள் போய்விடும்.

“அண்ணா, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறோம். நல்லா கலரா, பெருசா பாத்துப் போடுங்க.”

தள்ளுவண்டிக்காரர் தினமும் கேட்கும் வாசகம் இது. அவரும் மேல்வரிசையிலிருந்து பளபளப்பானதாக எடுத்துத் தராசில் வைக்கிறார். கேட்டவர் அந்தப் பழத்தைத் தின்னப் போவதில்லை. அது சக்கையாக இருந்தால் கட்டிலில் கிடப்பவர் எதுவும் சொல்லப் போவதுமில்லை; ஆசையாக வாங்கி வந்தவரிடம் யார் குறை சொல்வார்கள்? வாங்கும் கைக்கும் தின்னும் வாய்க்கும் தொடர்பு அறுந்துபோனதால்தான் ஆரஞ்சை நிறத்தை வைத்து மட்டும் எடை போடும் பழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது.

நிறம் உள்ளே இருப்பதைச் சொல்லாது. மா, வாழையைப் போல ஆரஞ்சு பறித்த பிறகு பழுப்பதில்லை. மரத்தில் ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். வீட்டில் ஒரு வாரம் வைத்தாலும் ஏறாது. தோல் மட்டும்தான் மாறும். எத்திலீன் வாயு பட்டால் பச்சை மறைந்து மஞ்சள் தெரியும். கார்பைடு கல் வைப்பதற்குத் தடை போட்டிருக்கும் நம் உணவுப் பாதுகாப்பு விதிகள், எத்திலீனைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதிக்கின்றன. இதில் உடல்நலக் கேடு என்று அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தோல் சிவந்ததால் சுளை இனித்திருக்கும் என்று நம்புவதற்கும் ஒன்றுமில்லை.

இரவுக் குளிர்தான் ஆரஞ்சுக்கு நிறம் கொடுக்கிறது. இரவிலும் வெப்பம் குறையாத ஊர்களில் பழம் முற்றிப் பழுத்த பிறகும் தோலில் பச்சை தங்கிவிடும். வியட்நாமில் பச்சைத் தோல் ஆரஞ்சைத்தான் ஆசையாக வாங்கிச் சாறு பிழிகிறார்கள். அமெரிக்காவிலோ, பச்சை படிந்த பழம் விலைபோகாது என்று தோலுக்குச் சாயமே பூச இடம் கொடுத்தார்கள். ‘சிட்ரஸ் ரெட் 2’ என்ற அந்தச் சாயத்துக்கு 1959-இல் அங்கே அனுமதி கிடைத்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கனத்தை. ஒரே அளவுள்ள இரண்டு பழங்களைக் கைக்கொன்றாக ஏந்தினால், கனமானதில் சாறு இருக்கிறது. காய்ந்த பழம் பஞ்சாக மிதக்கும். கிலோவுக்கு இரண்டு பழம் கூடுதலாக நின்றதே என்று மகிழ்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: எண்ணிக்கை கூடியது சாறு குறைந்ததாலும் இருக்கலாம். பெரிய பழம் கேட்பதும் ஆபத்துதான். சுளைக்குள் இருக்கும் சாற்றுப் பைகள் இறுகி வெளுத்துச் சக்கையாகும் கோளாறு, பெரிய பழங்களிலும் மரத்தில் நாள்பட விட்ட பழங்களிலும்தான் அதிகம். அது காம்புப் பக்கத்தில் தொடங்கும். ஒரு பழத்தை உரித்துக் காட்டச் சொன்னால், காம்பை ஒட்டிய சுளை நுனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கமலாவுக்கும் சாத்துக்குடிக்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. சாத்துக்குடிக்குத் தோல் இறுக்கமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கமலாவுக்கும் நாக்பூர் ஆரஞ்சுக்கும் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும். ஆனால் அழுத்தினால் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெற்றிடம் தெரியும் அளவுக்கு உப்பியிருந்தால் வேண்டாம். காம்புக் குமிழ் பச்சையாக ஒட்டியிருந்தால் பறித்து அதிக நாளாகவில்லை. கறுத்து உதிர்ந்திருந்தால் பழசு. ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியும், சுற்றிலும் பழுப்பு வட்டமும் இருந்தால் அது சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். அந்தப் பழம் உள்ளே அழுகும். சூப்பர் மார்க்கெட் வலைப்பையைக் கவிழ்த்து அடியில் இருப்பதைப் பாருங்கள். அங்கே நீர் கோத்த ஒரு மெத்துப் புள்ளி தெரிந்தால் நாளை அதில் வெள்ளை பூக்கும், மறுநாள் பச்சைப் பூசணம் பொடியாக உதிரும். அடிபட்டுக் கீறிய பக்கத்துப் பழத்திலும் ஏறும்.

எல்லாரும் அமுக்கிப் பார்த்தால் பழம் என்னாகும் என்று கடைக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. கையில் ஏந்திக் கனம் பார்க்க அமுக்க வேண்டியதில்லை.

நிறத்தை மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கத்தால் உண்மையில் அடிபட்டுக்கொண்டிருப்பது நம் மலைக் கமலா. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளையும் பழம் அது. ஏற்காட்டிலும் உண்டு. தோல் திட்டுத்திட்டாகப் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், கிளை உரசிய வடு இருக்கும். உரித்தால் அறை முழுக்க மணக்கும். நாக்பூர் ஆரஞ்சுக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு ஆரஞ்சுக்கு அதற்கும் முன்பே. அவற்றின் பெயர் நம் கடைக்காரர்கள் வாயில் வருகிறது. நம் மலையின் பெயர் வருவதில்லை. வடக்கேயிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தாண்டி லாரியில் வந்த பழம் முன்வரிசையில் மின்ன, தமிழ்நாட்டு மலையிலிருந்து இறங்கிய பழம் ‘காய்’ என்று ஒதுக்கப்படுகிறது.

நோயும் அந்த மரங்களை விடவில்லை. இலை மஞ்சளித்து மரமே நலிந்துபோகும் ‘கிரீனிங்’ நோயை, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சாறுண்ணிப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்புகிறது. வேரழுகலும் நூற்புழுவும் சேர்ந்துகொள்கின்றன. மரம் பட்ட இடத்தில் மறுபடி கமலா நடத் துணிய வேண்டுமென்றால், பழத்துக்கு விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை விவசாயிக்கு வேண்டும். ஏற்காட்டிலும் தடியன்குடிசையிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நோயற்ற மொட்டை ‘ரங்பூர் லைம்’ போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி வளர்க்கும் முறையும் இருக்கிறது. அப்படி நட்ட கன்றும் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு காத்திருந்து விவசாயி இறக்கும் கூடையில், பாதிப் பழங்கள் பச்சைத் திட்டோடுதான் இருக்கும்.