துப்பறியும் தொடரின் நினைவுப்பொருள்களும் மூலச்சான்றும்: 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரை முன்வைத்து

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்று நிறைவுற்ற பின்னரும் அதன் சுவைஞர்கள் அதனோடு தொடர்புடைய பொருள்களைத் தேடிச் சேகரிக்கின்றனர். இது பொழுதுபோக்கு என்ற அளவிலேயே பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும் மூலம் எது, படி எது, திருத்தம் எது என்னும் பதிப்பாய்வு வினாக்கள் இதனுள்ளும் எழுகின்றன. 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரின் நினைவுப்பொருள்களைக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை விளக்குகிறது.

தொடரும் அதன் மூலநூல்களும்

காலின் டெக்ஸ்டர் எழுதிய மோர்ஸ் புதினங்கள் 13. அவற்றுள் முதலாவது 1975ஆம் ஆண்டிலும் இறுதியானது 1999ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆக்ஸ்ஃபோர்டு நகரைக் களமாகக் கொண்ட இப்புதினங்களை அடியொற்றி உருவான தொடர், 1987 முதல் 2000 வரை பிரித்தானியாவின் ஐடிவி அலைவரிசையில் 33 பகுதிகளாக ஒளிபரப்பானது. மோர்ஸாக ஜான் தா என்னும் நடிகர் நடித்தார். பகுதிகள் சில புதினங்களிலிருந்தும் பிற தொலைக்காட்சிக்கெனப் புதிதாகவும் எழுதப்பட்டன.

நினைவுப்பொருள்களின் வகைமை

இத்தொடர் சார்ந்த பொருள்களை மூன்றாகப் பகுக்கலாம். படப்பிடிப்பில் பயன்பட்டவை முதல் வகை. மோர்ஸ் ஓட்டிய சிவப்பு நிற ஜாகுவார் மார்க் 2 மகிழுந்து இதற்குத் தலையாய சான்று. விற்பனைக்கென உருவாக்கப்பட்டவை இரண்டாம் வகை. கார்கி நிறுவனம் வெளியிட்ட அம்மகிழுந்தின் சிற்றுருவும், குறுந்தகடுகளும், இசைத்தொகுப்புகளும் இதில் அடங்கும். மூலப் புதினங்களின் முதற்பதிப்புகளும் ஆசிரியர் கையொப்பமிட்ட படிகளும் மூன்றாம் வகை.

முதல் வகைப் பொருளின் மதிப்பு அதன் தோற்றத்தில் இல்லை. அதே ஆண்டில், அதே நிறத்தில் உருவான வேறொரு ஜாகுவார் தோற்றத்தில் ஒத்திருக்கக்கூடும். 248 ஆர்.பி.ஏ. என்னும் பதிவெண்ணும், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்னும் ஆவணத் தொடர்ச்சியுமே அதைத் தனித்துக் காட்டுகின்றன. தொடருக்குப் பின் அம்மகிழுந்து விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டது. திரையில் தோன்றிய நிலை மாறிய பின்னும் மதிப்பு குறையவில்லை. இங்கு விலைபெறுவது பொருளோடு ஒட்டியுள்ள சான்று என்பது இதனால் புலனாகிறது.

பொருள் பாடத்தை மாற்றுதல்

தொடக்ககாலப் புதினங்களில் மோர்ஸ் ஓட்டுவது ஜாகுவார் அன்று. லான்சியா என்னும் இத்தாலிய மகிழுந்து. தொடர் பெற்ற செல்வாக்கினால் ஜாகுவார் மோர்ஸின் அடையாளமாக நிலைபெற்றது. பின்னர் எழுதிய புதினங்களில் டெக்ஸ்டரும் அதையே ஏற்றார். முந்தைய புதினங்களின் பிந்தைய பதிப்புகளிலும் லான்சியா ஜாகுவாராகத் திருத்தப்பட்டது. நூலிலிருந்து திரைக்குச் செல்வது இயல்பான போக்கு. இங்கோ திரைப்பொருள் நூலுக்குள் திரும்பி வந்து பாடத்தை மாற்றியுள்ளது.

இதன் விளைவு ஆய்வாளர் கருதத்தக்கது. திருத்தப்பட்ட பதிப்பை மட்டும் படிப்பவர், ஆசிரியர் தொடக்கத்திலேயே ஜாகுவாரைப் படைத்ததாகவும் தொடர் அதைப் பின்பற்றியதாகவும் முடிவு செய்யக்கூடும். காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இப்பிழையைத் தடுப்பது பழைய பதிப்பு ஒன்றே. அரிய பொருள் என்பதற்காகச் சேகரிப்பாளர் பேணும் முதற்பதிப்பு, பாடவேறுபாட்டைக் காட்டும் முதன்மைச் சான்றாகவும் அமைகிறது. வெகுமக்கள் புதினங்களின் பழைய பதிப்புகள், புதியவை வந்ததும் எளிதில் கழித்துக்கட்டப்படுபவை. ஆதலின் தனியார் சேகரிப்பின் தேவை இத்துறையில் மிகுதியாகிறது.

முடிவுரை

துப்பறியும் கதையில் ஒரு பொருள் தடயமாவதற்கு, அது எங்கிருந்தது, யார் கையில் இருந்தது என்பவை நிறுவப்பட வேண்டும். அத்தொடரின் நினைவுப்பொருளுக்கும் இதே அளவுகோல் பொருந்துகிறது. மகிழுந்தின் பதிவெண்ணும் புதினத்தின் பதிப்பாண்டும் ஒரே பணியைச் செய்கின்றன. எனவே திரைத்தழுவல் பெற்ற புதினங்களை ஆராய்வோர், தாம் பயன்படுத்தும் பதிப்பு தழுவலுக்கு முந்தியதா பிந்தியதா என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். அதற்கான சான்று நூலகத்தில் கிடைக்காதபோது சேகரிப்பாளரின் அலமாரியையும் நாடுதல் தகும்.