மூச்சிரைப்பவரின் மேசையில் ஒரு நிலக்கரி ரயில்

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக எங்களிடம் நெடுநாளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவர், கடும் மூச்சுத்திணறலுடன் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். வயது 64. நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெபுலைசர் மருந்தும் ஆக்சிஜனும் அளித்து மூச்சு சற்றே நிலைப்பட்ட பின், வழக்கமான வினாக்களைக் கேட்டோம். புகைத்தாரா? இல்லை. இன்ஹேலரைத் தவறவிட்டாரா? இல்லை. சளி, காய்ச்சல்? அதுவும் இல்லை. அவருடைய துணைவியார்தாம் தயங்கித் தயங்கிக் கூறினார்: "இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கரி வாங்கி, மத்தியானம் முழுக்க உரல்ல இடிச்சிட்டிருந்தாருங்க டாக்டர்."

எதற்காக என்று கேட்டபோது கிடைத்த விடை எங்களை நாணச் செய்தது. மூச்சுப் பயிற்சி வகுப்பில், "அமர்ந்தபடியே செய்யக்கூடிய கைவேலை ஒன்றைத் தொடங்குங்கள்" என்று நாங்களே அவருக்கு அறிவுறுத்தியிருந்தோம். அமெரிக்காவில் பணிபுரியும் மகன் அனுப்பிய மாதிரி ரயில் பெட்டியை அவர் பிரித்தார். உள்ளே நிலக்கரி வேகன்கள் இருந்தன. வேகன் இருந்தால் கரியும் வேண்டுமல்லவா? எந்தக் கைவேலை, என்ன பொருள், எவ்வளவு தூசு என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் தேறி வீடு திரும்பிய பின், இத்தகைய ரயிலை மூச்சுக்குத் தீங்கின்றி அமைப்பது எவ்வாறு என்று அவரோடு சேர்ந்தே கற்றுக்கொண்டோம். அதன் பயனே இக்கட்டுரை.

மாதிரி ரயில் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் வட்டப் பாதை ஒன்றில் வண்டியைச் சுற்றவிடுவதோடு தொடங்குகின்றனர். இரண்டு வாரங்களில் சலித்துவிடுகின்றனர். நிலக்கரி ரயிலில் அந்தச் சலிப்பு குறைவு. அதற்கு எப்போதும் ஒரு வேலை இருக்கிறது: வெற்று வேகன்கள் மலைமேல் செல்ல வேண்டும், நிரம்பியவை கீழே இறங்க வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையத்திற்கு நிலக்கரி கொண்டுசெல்லும் சரக்கு ரயிலுக்காக லெவல் கிராசிங்கில் காத்திருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் நோயாளிக்குக் கிடைத்த வேகன்களில் "நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன்" என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைகளிலுள்ள போகஹாண்டஸ் நிலக்கரி வயல்களிலிருந்து கடற்கரை நகரான நார்ஃபோக்குக்கு 1883 மார்ச் மாதத்திலிருந்து நிலக்கரி ஏற்றிச் சென்ற நிறுவனம் அது. ஏனைய பெரிய நிறுவனங்கள் டீசலுக்கு மாறிய பின்னரும், 1960 வரை நீராவி எஞ்சின்களை விடாது ஓட்டியமையால், மாதிரி ரயில் ஆர்வலர்களுக்கு அதன்மீது தனிப் பற்று உண்டு.

அம்மலைகளில் ஒவ்வொரு சுரங்க வாயிலுக்கும் அருகே, தண்டவாளங்களின் மேல் கால்பரப்பி நிற்கும் உயரமான மரக்கட்டடம் ஒன்று இருக்கும். "டிப்பிள்" என்பது அதன் பெயர். சுரங்கத்திலிருந்து வரும் சிறு வண்டிகள் அதன் உச்சியில் கவிழ்க்கப்படும். கரி சல்லடைகள் வழியாக விழுந்து அளவுவாரியாகப் பிரியும். பெருங்கட்டி ஒரு தண்டவாளத்திற்கு, முட்டையளவுக் கட்டி இன்னொன்றுக்கு, கொட்டையளவு மற்றொன்றுக்கு, பொடி வேறொன்றுக்கு. தண்டவாளங்கள் இலேசான சரிவில் போடப்பட்டிருக்கும். எஞ்சின் வெற்று வேகன்களை டிப்பிளுக்கு மேற்புறம் விட்டுச் செல்லும்; தொழிலாளி ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, வேகன் தன் எடையாலேயே உருண்டு வந்து கரிவாய்க்கு அடியில் நிற்கும். நிரம்பியதும் மேலும் கீழே உருளும். இந்த ஒரு கட்டடமும் அதன் அடியிலுள்ள இரண்டு தண்டவாளங்களும் போதும். தொடக்கநிலையில் ஊர், ஆறு, பாலம், சுரங்கப் பாதை எதுவும் தேவையில்லை.

இனி மேசை. எங்கள் துறை சார்ந்து உறுதியாகக் கூறக்கூடியது இதுவே. நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் கைகளைத் தாங்கலின்றி உயர்த்தி வேலை செய்தால் மூச்சிரைப்பு விரைவில் மிகும். தோளையும் கழுத்தையும் சார்ந்த தசைகள் மூச்சுக்கும் உதவ வேண்டியிருப்பதே காரணம். ஆகவே பலகை, நாற்காலியில் அமர்ந்தால் முழங்கை மேசைமீது படியும் உயரத்தில் இருக்கட்டும். அகலம் ஒன்று அல்லது ஒன்றரை அடியைத் தாண்ட வேண்டாம். எட்டிச் சாய்ந்து எடுக்க வேண்டிய எதுவும் அப்பால் இருக்கலாகாது. முன்கைகளை மேசைமீது ஊன்றி, சற்று முன்சாய்ந்து அமர்வது மூச்சுக்கும் இதம், நுண்ணிய வேலைக்கும் துணை. இருபது நிமிடம் வேலை செய்து, உதடு குவித்து மெல்ல மூச்சுவிட்டு ஓய்வெடுங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுத்த சற்று நேரத்திற்குச் சிலருக்குக் கைகள் நடுங்கும். தண்டவாள இணைப்புகளைப் பொருத்துவதை அவ்வேளையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அளவுகளில் இரண்டு பரவலானவை. எச்ஓ அளவு என்பது உண்மையின் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். என் அளவு 160-இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மில்லிமீட்டர். இடம் குறைவாக உள்ள வீடுகளில் என் அளவு கவர்ச்சியாகத் தோன்றும். எனினும் முதிய கண்களுக்கும் நடுங்கும் விரல்களுக்கும் எச்ஓ அளவே ஏற்றது என்பது எங்கள் கருத்து. நாற்பது அடி நீளமான பழைய நிலக்கரி வேகன், எச்ஓ அளவில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். கொக்கியோடு சேர்த்து 15 எனக் கொள்ளலாம். நான்கு வேகன்களுக்கு 60. டிப்பிளுக்கு மேற்புறம் நான்கு வெற்று வேகன்கள் நிற்க 60, கட்டடத்திற்கு 20, கீழ்ப்புறம் நிரம்பிய நான்கு நிற்க 60, ஆக 140 சென்டிமீட்டர். பாதை பிரியும் பாயின்ட் ஒன்றுக்கும் இடம் விட்டால், ஆறடிப் பலகை போதுமானது. மேற்புறம் எத்தனை வெற்று வேகன் நிற்குமோ, கீழ்ப்புறம் அத்தனை நிரம்பிய வேகன் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்; தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

எஞ்சினைப் பொறுத்தவரை சிறியதே நன்று. நம் நோயாளியின் மனம், அந்நிறுவனம் ரோனோக் பணிமனையில் கட்டிய ஒய்-6பி என்னும் மாபெரும் நீராவி எஞ்சினை நாடியது. உண்மையில் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம். மாதிரியில் 40 சென்டிமீட்டர். ஆறடிப் பலகையில் அதை நிறுத்தினால் வேகனுக்கு இடமிராது. மகனிடம் கேட்டுவிட்டார் என்றும், துணைவியார் தடுத்துவிட்டார் என்றும் பின்னர் அறிந்தோம். அவ்வம்மையாரின் பக்கமே நாங்களும்.

அடுத்து, நுரையீரலுக்காகத் தவிர்க்க வேண்டியவை. நிலக்கரியையோ அடுப்புக்கரியையோ வீட்டில் இடிப்பது, அரைப்பது, சலிப்பது கூடாது. ஒருநாள் இடித்ததால் சுரங்கத் தொழிலாளியின் நோய் வந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே சுருங்கிய மூச்சுக்குழல் அத்தூசினால் மேலும் இறுகும். சாக்கட்டியைச் சுரண்டிப் பழமை நிறம் ஏற்றுவதும், பிளாஸ்டர் பொடியைக் கொட்டிக் கலப்பதும் அவ்வாறே. மலைக்குத் தெர்மாகோலைக் கத்தியால் வெட்டுங்கள்; சூடான கம்பியால் அறுத்தால் புகை எழும். அதன்மேல் செய்தித்தாள் கீற்றுகளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து ஒட்டினால் பாறை கிடைத்துவிடும். உடனே ஒட்டும் சூப்பர் பசையின் ஆவியும், ஈயப்பற்றின்போது எழும் குங்கிலியப் புகையும் சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டவல்லவை. கம்பி இணைக்கும் வேலையை வீட்டிலுள்ள இளையவர் வேறோர் அறையில் செய்து தரட்டும், அல்லது திருகாணியால் இணைக்கும் வகையை வாங்குங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோருக்குத் தனியாக ஒன்று. மாதிரி ரயிலின் சக்கரம் தண்டவாளத்தில் உரசும்போது சிறு பொறி பறக்கும். ஆகவே ஆக்சிஜன் ஓடும் வேளையில் மின்சாரத்தால் ரயிலை இயக்க வேண்டாம்; அருகிலிருந்து வேறொருவர் இயக்குவதும் வேண்டாம். வேகனைக் கையால் தள்ளுவதில் தடையில்லை. டிப்பிளின் வேலையே உருட்டுவதுதானே!

கரி இல்லாமல் கரிவேகன் எப்படி? தெர்மாகோல் துண்டை வேகனுக்குள் அமரும்படி வெட்டி, மேற்புறத்தை இலேசாகக் குவித்து, கறுப்பு நீர்வண்ணம் பூசி, மேலே துகள் ஒட்ட வேண்டும். எத்துகள் என்பதில் அத்தம்பதியர் இருவாரம் வழக்காடினர். கடுகை ஒட்டிப் பார்த்தார். உருண்டையாக இருந்ததால் கரியெனத் தோன்றவில்லை. இறுதியில் மீன்தொட்டிக்கு விற்கும் கறுப்பு மணலைக் கழுவி, ஈரத்தோடே ஒட்டினார். 15 சென்டிமீட்டர் கரிக்கட்டி எச்ஓ அளவில் 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மணல் அதற்குப் பொருந்திற்று. ஒவ்வொரு துண்டிலும் ஓர் இரும்பு வாஷரைப் புதைத்து, காந்தத்தால் தூக்கி வேகனில் வைக்கிறார். வெற்று வேகன் டிப்பிளுக்கு அடியில் நுழைகிறது, நிரம்பியதாக வெளிவருகிறது. பேரன் வரும் நாள்களில் மட்டும் காந்தத்தைப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறோம். சிறு குழந்தைகள் காந்தத்தை விழுங்குவது அறுவைச் சிகிச்சை வரை கொண்டுசெல்லக் கூடியது.

மறுபரிசோதனைக்கு வந்த ஒரு நாள், வெற்று வேகன் ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்து அவர் கேட்டார்: "அங்க வேலை செஞ்சவங்க நுரையீரல் என்ன ஆச்சுங்க?" பஞ்சுத் தூசியில் வாழ்நாளைக் கழித்தவரின் கேள்வி அது. மறைக்காமல் சொன்னோம். கரித்தூசு ஆண்டுக்கணக்கில் படிந்து நுரையீரல் கறுத்துத் தடிக்கும்; மீட்க மருந்தில்லை. 1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, இந்நோய்க்கு இழப்பீடு கேட்டு அம்மாநிலத்தின் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். 1969 இறுதியில் வந்த நாடளாவிய சட்டம், சுரங்கக் காற்றில் கரித்தூசுக்கு வரம்பு விதித்தது: ஒரு கனமீட்டருக்கு முதலில் 3 மில்லிகிராம், பின்னர் 2. அவர் அமைப்பதோ 1950-களின் சுரங்கம். அந்த வரம்பு அங்கே இன்னும் வந்திராத காலம்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், டிப்பிளில் கரியோடு கலந்த கல்லைக் கையால் பொறுக்கியவர்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று கேட்டார். சல்லடைக்கு அடுத்த தட்டில், தூசுக்கு நடுவே என்றோம். அடுத்த முறை அவர் கொணர்ந்த படத்தில், அட்டையால் செய்த டிப்பிளின் அத்தளத்தில் மட்டும் சுவர் அகற்றப்பட்டிருந்தது. உள்ளே, விரல்நுனி அளவில் நான்கு உருவங்கள் வரிசையாக நின்றன. உண்மையில் அக்கட்டடம் அப்படித் திறந்திருக்காதே என்றோம். தெரியும் என்றார்.

இப்போது அவருக்குள்ள தொல்லை வேறு. சரிவு சற்றுக் கூடிவிட்டதால் வேகன்கள் கரிவாயில் நில்லாமல் ஓடிவிடுகின்றன. பழைய பல்துலக்கியின் இழைகள் சிலவற்றை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே நிமிர்த்தி ஒட்டினால், அவை அச்சில் உரசி வேகனை நிறுத்தும்; எஞ்சின் இழுத்தால் வளைந்து வழிவிடும். மூன்று இழை போதவில்லை, ஐந்து வைத்தால் நிற்கிறது என்று சென்ற வாரம் தொலைபேசியில் கூறினார். இன்ஹேலரை இரவில் எடுத்தாரா என்று கேட்டோம். எடுத்திருக்கிறார்.