மலர் நடும் கைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மார்ச்சு மாதம் 12-ந் தேதிக்கு இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, மலர்ச்செடி நடும் நாள். மற்றொன்று, அந்நாட்டுப் பெண் சாரணர் இயக்கம் பிறந்த நாள். வசந்த ருதுவின் வாயிலில் இவ்விரண்டும் கூடி வருவதைக் காணும்போது நம் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. எத்தேசத்துக் கவிகளும் பெண்ணை மலர் என்றே வருணித்து வந்திருக்கிறார்கள். மலர் அழகியது, மெல்லியது. ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையாதது. பிறர் பறித்துச் சூடுவதற்காகக் காத்திருப்பது. பெண் மலராகவே இருத்தல் வேண்டுமா, அன்றி மலரை நடுகிறவளாக ஆதல் வேண்டுமா? இதற்கு 1912-ம் வருஷத்தில் ஒரு மாதரசி தம் செய்கையாலேயே விடை கூறினார்.

அவர் பெயர் ஸ்ரீமதி ஜூலியட் கார்டன் லோ. ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த ஸவான்னா நகரில் 1860-ல் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். வீட்டார் அவரை 'டெய்ஸி' என்று ஒரு பூவின் பெயராலேயே அழைத்து வந்தனர். ஆயினும் அவர் வாழ்க்கை பூம்படுக்கையாக அமையவில்லை. செவிநோய்க்குச் செய்த சிகிச்சையால் ஒரு காதின் கேள்வி குன்றிற்று. 1886-ல் நடந்த விவாகத்தின்போது மங்கலமாகத் தூவிய அரிசியில் ஒரு மணி மற்றைக் காதினுட் புகுந்து அதையும் பழுதாக்கிற்று. இல்லற இன்பமும் நிலைக்கவில்லை, மக்கட்பேறும் வாய்க்கவில்லை, 1905-ல் கணவரும் காலமானார். ஐம்பது வயதை எட்டி, காதும் கேளாத ஒரு விதவை இனி என்ன செய்ய இயலும் என்றே உலகத்தார் எண்ணியிருப்பார்கள்.

அவ்வாறிருக்கையில் 1911-ல் இங்கிலாந்தில் சாரணர் இயக்கத் தலைவரான பேடன் பவலை அவர் சந்தித்தார். அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னர், 1909-ல், லண்டன் கிரிஸ்டல் மாளிகையில் சிறுவர் சாரணர் கூடியபொழுது, அழையாமலே சில சிறுமிகள் வந்து நின்று, 'எங்களுக்கும் இடம் வேண்டும்' என்று கேட்டதும், அதன் பயனாக 1910-ல் பெண்களுக்கெனத் தனி இயக்கம் தோன்றியதும் நேயர்கள் கவனிக்கத் தக்கன. பெண்களுக்குக் கிடைத்த இடம் யாரும் தாமாக வழங்கியதன்று, கேட்டுப் பெற்றதேயாகும்.

ஸ்ரீமதி லோ ஊருக்குத் திரும்பி, 1912 மார்ச்சு 12-ந் தேதி பதினெட்டுச் சிறுமிகளைக் கொண்டு முதற் குழுவை ஆரம்பித்தார். அமெரிக்க ஸ்திரீகளுக்குத் தேச முழுமைக்குமான வாக்குரிமை 1920-ல்தான் கிட்டியது என்பதை நினைத்துப் பார்த்தால் இம்முயற்சியின் துணிவு விளங்கும். அச்சிறுமிகள் கூடைப்பந்து ஆடுவதை வழிப்போக்கர் காணலாகாதென்று ஆடுகளத்தைச் சுற்றித் திரை கட்ட வேண்டியிருந்ததாம்! திரைக்குள்ளேதான் எனினும் அவர்கள் ஆடினார்கள். முடிச்சுப் போடவும், முதலுதவி செய்யவும், காட்டிலே கூடாரமடித்துத் தங்கவும் கற்றார்கள். இயக்கத்துக்குப் பணமுடை நேர்ந்தபோது ஸ்ரீமதி லோ தமது முத்துமாலையை விற்றுச் செலவிட்டார். 1927-ல் அவர் மறைந்தபோது அந்தப் பதினெண்மர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோராகப் பெருகியிருந்தனர்.

இனி, மலர் நடும் நாளின் தன்மையைச் சிறிது ஆராய்வோம். மார்ச்சு மாதத்தில் ஸவான்னாவில் அஸேலியாப் புதர்கள் பூத்துக் குலுங்கும். வட மாகாணங்களிலோ நிலம் இன்னும் உறைபனியில் கிடக்கும். ஆகவே அங்குள்ளோர் விதைகளை வீட்டினுள் சிறு தட்டுகளில் ஊன்றி, ஜன்னலோரத்தில் வைத்து வளர்ப்பர். நாம் மாலை தொடுக்கும் கேந்திப்பூவும் அவ்வாறு முளைப்பதே. அதன் தாயகம் மெக்ஸிகோ தேசம். வீட்டினுள் வளர்ந்த நாற்றைத் திடீரெனத் திறந்த வெளியில் நட்டால் அது காற்றுக்கும் வெயிலுக்கும் ஆற்றாமல் வாடிப்போகும். எனவே தோட்டக்காரர் அதை நாள்தோறும் சிறிது நேரம் வெளியே வைத்து, நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டி, ஒரு வாரமோ பத்து நாளோ பழக்கிய பின்னரே மண்ணில் நடுவர்.

பெண் மக்களை வளர்ப்பதற்கும் இதனினும் சிறந்த உவமை வேண்டுவதில்லை. 'பெண் மெல்லியள், வெளியுலகம் கொடியது, ஆகவே வீட்டிலேயே இருக்கட்டும்' என்பார் உளர். மென்மை வீட்டினுள் வைத்ததன் பயனேயன்றிப் பிறவிக்குணமன்று. காற்றிற் பழகிய நாற்றே காற்றைத் தாங்கும். சாரண முகாமின் ஓர் இரவு, தானே மூட்டிய அடுப்பு, தானே படித்த வழிப்படம் ஆகியவையே அப்பழக்கம்.

ஆனால் ஒரு தோட்டத்துக்கு வேலியிட்டுச் சில செடிகளை வெளியே நிறுத்தினால் அது அறமாகுமா? டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் ஸ்ரீமதி ஜோஸபின் ஹாலோவே என்னும் கறுப்பின மாது தம் இனச் சிறுமிகளுக்குச் சாரணப் பயிற்சி அளித்து வந்தார். 1933-ல் அவர் தமது குழுவை அங்கீகரிக்கும்படி கோரியபோது உள்ளூர்ச் சங்கம் மறுத்துவிட்டது. அவர் சோர்ந்து விடவில்லை. அங்கீகாரமின்றியே பணியைத் தொடர்ந்தார். 1942-ல் கதவு திறந்தது. இவ்வநீதி அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியதன்று. நம் தேசத்தில் 1911-ல் ஜபல்பூரில் முதற் பெண் சாரணர் குழு தொடங்கியபோது அதில் ஐரோப்பியச் சிறுமிகளுக்கே இடமிருந்தது. சிறுவர் சாரணரிலும் இந்தியருக்கு இடம் மறுக்கப்பட்டமையால்தான் 1916-ல் அன்னி பெஸன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை நிறுவ நேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1951-ல் பெண் சாரணரும் பாரத சாரணர் இயக்கத்தில் இணைந்தனர். 1966-ல் புனே நகரில் உலகப் பெண் சாரணர் நிலையமொன்று 'சங்கம்' என்ற பெயருடன் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் வேலிக்கு வெளியே நின்ற தேசம் உலகச் சிறுமியருக்கு விருந்தளிக்கும் தேசமாயிற்று.

அமெரிக்காவில் மிக இளைய சாரணச் சிறுமியருக்கு 1984 முதல் 'டெய்ஸி' என்றே பெயர் வழங்குகிறது. அவர்கள் கற்கும் ஒவ்வொரு நற்குணத்துக்கும் ஓர் இதழ் வீதம் அளிக்கப்பட்டு, உடையில் ஒரு மலர் நிறைவு பெறுகிறது. இங்கு மலர் பிறர் சூட்டுவதன்று. சிறுமி தன் உழைப்பால் இதழ் இதழாக ஆக்கிக் கொள்வது.

நடுவதற்கு ஒரு நாள் போதும்; நீர் வார்ப்பதற்கோ ஒவ்வொரு நாளும் வேண்டும். விழா எடுத்துப் படம் பிடித்துக் கொண்டு மறுநாள் மறந்து விடுவோமாயின், செடியும் பட்டுப்போகும், சிறுமியரின் ஊக்கமும் பட்டுப்போகும். பள்ளிகளை நடத்துவோர் சாரணப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவார்களாக. தாய்மார் தம் புதல்வியரை அஞ்சாது முகாமுக்கு அனுப்புவார்களாக. தந்தையர் அதற்காகும் சிறு செலவை வீண் என்று கருதாதிருப்பார்களாக. மலரைப் போற்றுவது எளிது. மலர் நடும் கைக்கு மண்ணும் மண்வெட்டியும் கொடுப்பதே கடமை.