தொடர்பியல் என்னும் பட்டப்படிப்பு

பிள்ளைகள் பள்ளியிறுதி வகுப்பை முடிக்கும் காலத்தில், மேற்கொண்டு என்ன படிப்பது என்னும் வினா எல்லா இல்லங்களிலும் எழுகின்றது. பொறியியல், மருத்துவம், வணிகவியல் ஆகியவை பெற்றோர் அறிந்த துறைகள். "தொடர்பியல் படிக்க விரும்புகிறேன்" என்று பிள்ளை கூறினாலோ, அது பத்திரிகைத் தொழிலா, திரைப்படக் கலையா, வெறும் பேச்சுத் திறனா என்று விளங்காமல் அவர்கள் மலைக்கின்றனர். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இப்படிப்பின் இயல்பை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நம் நாட்டில் இத்துறை பத்திரிகைக் கல்வியாகவே பிறந்தது. 1941-ஆம் ஆண்டில் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி. பி. சிங் என்பார் இதழியல் துறையைத் தொடங்கினார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அத்துறை தில்லியில் இயங்கி, 1962-இல் சண்டிகருக்குச் சென்றது. இளங்கலை வகுப்பில் இதழியலைப் பாடமாக வைத்த முன்னோடிகளுள் மைசூர் மகாராஜா கல்லூரி குறிப்பிடத்தக்கது. பின்னர் 1965-இல் தில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தோன்றியது. வானொலியும் தொலைக்காட்சியும் பரவப் பரவ, இதழியல் என்ற குறுகிய எல்லை விரிந்து தொடர்பியல் ஆயிற்று.

இளங்கலை மாணவர் செய்தி திரட்டுதல், செப்பனிடுதல், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, விளம்பரம் முதலியவற்றில் பயிற்சி பெறுகின்றனர். அத்துடன், அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு வழங்கும் கருத்துரிமை, அதற்குரிய வரம்புகள், அவதூறுச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆகியவற்றையும் பயில்கின்றனர். ஆயினும் கருவிகளைக் கையாளும் பயிற்சி மட்டுமே தொடர்பியல் ஆகாது. சொன்ன செய்தி கேட்டவர் உள்ளத்தில் சென்று சேர்ந்ததா என்று ஆராய்வதே அதன் உயிர்நாடி.

இதற்குத் தக்க சான்று ஒன்றுண்டு. 1956-ஆம் ஆண்டில், அன்றைய பம்பாய் மாநிலத்தில், புனா வட்டாரத்து ஐந்து மாவட்டங்களில் அகில இந்திய வானொலி யுனெஸ்கோவின் துணையுடன் ஒரு சோதனையை நடத்தியது. ஏறத்தாழ 150 சிற்றூர்களில் உழவர்கள் சிறு குழுக்களாகக் கூடினர். வாரம் இருமுறை ஒலிபரப்பைக் கேட்டார்கள். கேட்டபின் தமக்குள் விவாதித்தார்கள். ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினார்கள். டாட்டா சமூக அறிவியல் நிலையத்தின் சார்பில் பால் நியூராத் என்னும் அறிஞர் அதன் பயனை அளந்தார். குழு அமைந்த ஊர்களை, வானொலி இருந்தும் குழு இல்லாத ஊர்களோடும், வானொலியே இல்லாத ஊர்களோடும் ஒப்பிட்டார். குழு அமைந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி மிகுதியாக இருந்தது; வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அது சொற்பமே. கேட்டதைப் பேசி ஆராய வாய்ப்பிருந்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். கருவியை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பிழையென்பதை இது காட்டுகின்றது.

இங்கேதான் அயல் மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பான ஒரு தகுதி அமைந்திருக்கின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், கடைவீதியில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ பேசி வளர்கிறது அப்பிள்ளை. ஊரிலிருந்து வந்த பாட்டியின் நோவை மருத்துவருக்கும், மருத்துவர் கூறும் பத்தியத்தைப் பாட்டிக்கும் எடுத்துரைத்த அனுபவம் அதற்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது, கேட்பவர்க்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பதைக் கல்லூரிக்குப் போகுமுன்பே அது கற்றுவிடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பல மொழிகளைப் பேச வல்லவராயினும், ஒன்றிலேனும் பிழையற எழுத இயலாதவர் இத்துறையில் முன்னேறுதல் அரிது. தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர். அன்றாடம் தமிழில் ஒரு பக்கம் படிக்கவும் சில வரிகள் எழுதவும் இப்போதே பழக்கினால், பாதி கைவந்த மொழி முழுமையான தொழிற்கருவியாகும்.

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலை வகுப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. அதற்கென அறிவிக்கப்பட்ட 13 மொழிகளுள் தமிழும் ஒன்று. தனியார் நிலையங்களும் பல உள்ளன. அவற்றுள் மிகுதியான கட்டணம் கேட்பனவும் உண்டு. ஆதலின் சேருமுன் சில வினாக்களைக் கேட்டறிதல் நன்று. வழங்கப்படுவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பட்டமா, வெறும் சான்றிதழா? மாணவரே நடத்தும் பயிற்சி இதழ் வெளிவருகின்றதா? ஒலிப்பதிவுக் கூடத்தில் மாணவர் தாமே கருவிகளை இயக்குகின்றனரா, அன்றி விருந்தினர்க்குக் காட்ட மட்டும் அது திறக்கப்படுகின்றதா? சென்ற ஆண்டுகளில் படித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகின்றனர்? அவர்களுள் இருவரையேனும் கண்டு பேசுவது, விளம்பர ஏட்டைப் படிப்பதினும் பயன் தரும்.

இத்தொழிலில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு என்பதையும் மறைத்தல் ஆகாது. திரையில் தோன்றும் புகழை மட்டும் நாடுவோர்க்கு இப்படிப்பு ஏமாற்றம் அளிக்கலாம். பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கவும், கேட்டதைச் சரிபார்க்கவும், தெளிவுற எழுதவும் விருப்பமுள்ள பிள்ளைக்கோ இது ஏற்ற துறையே. பெற்றோர் அவ்விருப்பம் தம் பிள்ளையிடம் உள்ளதா என்று முதலில் கண்டறிந்து, பின்னர் கல்லூரியைத் தேடுவார்களாக.