தோளில் விழும் உதையும் தோட்டாவின் தேர்வும்

புது தில்லி: ராணுவத்துக்குத் துப்பாக்கி வாங்குவது குறித்து நாடாளுமன்றத்தில் பேச்செழுந்தால் விலையும் தாமதமுமே விவாதிக்கப்படுகின்றன. சுடும்போது வீரரின் தோளில் விழும் உதை அவைக்குறிப்பில் இடம்பெறுவது அரிது.

1962 போருக்குப் பின் வந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்குரியது 7.62x51 மி.மீ. தோட்டா. குண்டின் எடை சுமார் 9.5 கிராம், வேகம் விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல். வலிமை அதிகம், உதையும் அதிகம். 1990-களில் வந்த இன்சாஸ், சுமார் 4 கிராம் குண்டுள்ள 5.56 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது. உதை வெகுவாகக் குறைந்தது; அடுத்த குறிக்கு விரைந்து திரும்ப முடிந்தது; அதே சுமையில் கூடுதல் தோட்டாக்களை எடுத்துச் செல்ல முடிந்தது. ஆனால், குண்டுபட்ட பயங்கரவாதி உடனே வீழ்வதில்லை என்ற குறை படையினரிடையே எழுந்தது.

எனவே 2019-ல் 72,400 சிக் சாவர் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானபோது, மீண்டும் 7.62x51 தோட்டாவே தேர்வானது. துப்பாக்கியின் எடையைக் கூட்டினால் உதை தணியும். மலைமுகட்டில் அந்த எடையைச் சுமப்பவரும் அதே வீரர்தான்.

2021 டிசம்பரில் 6,01,427 ஏகே-203 துப்பாக்கிகளை அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாரிக்க ரஷியாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 7.62x39 தோட்டாவில் குண்டு சுமார் 8 கிராம், வெடிமருந்து குறைவு. உதை முந்தைய இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆயினும் 300 மீட்டருக்கு அப்பால் குண்டு வெகுவாகத் தாழ்ந்துவிடும். பெயரளவில் விட்டம் ஒன்றானாலும் சிக் சாவரின் தோட்டா இதில் பொருந்தாது. எல்லை முகாம்களுக்கு இரண்டையும் தனித்தனியே அனுப்பியாக வேண்டும்.